நிமோனியா திரும்பத் திரும்ப வந்தால்...

பாலர் வகுப்புக்குப் போகும் குழந்தைக்கு வருடத்தில் ஆறு, எட்டு முறை சளி பிடிப்பது இயல்பு. மூக்கு ஒழுகும், இரண்டு நாள் காய்ச்சல் அடிக்கும், ஒரு வாரம் இருமும், பிறகு ஓடியாடத் தொடங்கிவிடும். இடைப்பட்ட நாட்களில் நன்றாகச் சாப்பிட்டு எடை கூடி வளர்கிற குழந்தையைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. "பிள்ளைக்கு இம்யூனிட்டி பவர் கம்மி" என்று மருந்துக் கடையில் டானிக் கேட்கும் பெற்றோர் பலருடைய பிள்ளைகள் இப்படிப்பட்டவர்கள்தான். அவர்களுக்கு அந்த டானிக் தேவையே இல்லை.

ஆனால் அவர்களுக்கு நடுவே, உண்மையிலேயே எதிர்ப்பு சக்தி இல்லாமல் பிறந்த சில குழந்தைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சளி மூக்கோடு நிற்பதில்லை, நெஞ்சுக்கு இறங்கிவிடும். மாத்திரையில் அடங்காமல் ஊசிக்குப் போகும். வீட்டுக்கு அனுப்பிய இரண்டாம் மாதமே மறுபடி அட்மிஷன், இம்முறை வேறொரு மருத்துவமனையில். ஒவ்வொரு மருத்துவரும் தன் கண்முன் இருக்கும் நிமோனியாவைச் சரியாகவே குணப்படுத்துகிறார். எல்லா நிமோனியாக்களையும் சேர்த்துப் பார்த்து 'ஏன்' என்று கேட்கத்தான் ஆள் இல்லை.

நிமோனியாவைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை நிமிடத்துக்கு 60 முறையோ அதற்கு மேலோ மூச்சு விட்டாலும், ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40 என்ற அளவை எட்டினாலும் அது வேக மூச்சு என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே பள்ளம் விழுந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஒரே வருடத்தில் இரண்டாவது முறை நிமோனியா வந்தால், பழைய எக்ஸ்ரேயையும் புதிய எக்ஸ்ரேயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டிலும் நிழல் ஒரே இடத்தில் விழுந்திருந்தால், அங்கே ஏதோ அடைத்துக்கொண்டிருக்கலாம். விளையாட்டாக வாயில் போட்ட வேர்க்கடலை மூச்சுக்குழாயில் சிக்கி, மாதக்கணக்கில் வெளியே தெரியாமல் இருந்ததுண்டு. நிழல் ஒருமுறை வலப்பக்கமும் அடுத்த முறை இடப்பக்கமும் விழுந்தால் சிக்கல் உடல் முழுவதற்கும் பொதுவானது. அப்போது நோய் எதிர்ப்புத் திறனைச் சந்தேகிக்க வேண்டும். நம் ஊரில் நெஞ்சில் நிழல் என்றதும் காசநோயை நினைப்பது நியாயம்தான். ஆனால் சளியில் கிருமி தெரியாமலே இரண்டாவது, மூன்றாவது முறையாகக் காசநோய் மாத்திரை தொடங்கும் முன் இந்தச் சந்தேகம் எழ வேண்டும்.

இப்படிச் சேர்த்துப் பார்த்தவர்களில் ஒருவர் அமெரிக்க ராணுவ மருத்துவர் ஆக்டன் புரூட்டன். வால்ட்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் அவரிடம் வந்த எட்டு வயதுப் பையனுக்கு நான்கு ஆண்டுகளில் 19 முறை கிருமிகள் ரத்தத்தில் பரவியிருந்தன. ஆன்டிபயாடிக் கொடுத்தால் சரியாகும், பிறகு மறுபடி வரும். ஒருமுறை வந்த கிருமிக்கு எதிராக உடல் ஆன்டிபாடி தயாரித்து வைத்திருக்க வேண்டுமே என்று யோசித்த புரூட்டன், பையனுக்கு அந்தக் கிருமிகளில் ஒன்றான நிமோகாக்கஸுக்கான தடுப்பூசி போட்டுப் பார்த்தார். ஆன்டிபாடி உருவாகவே இல்லை. ரத்தத்தில் உள்ள புரதங்களை மின்னோட்டத்தால் வகை பிரிக்கும் முறை அப்போது புதிது. அதில் பார்த்தபோது, ஆன்டிபாடிகள் அடங்கிய காமா குளோபுலின் என்ற பகுதியையே காணவில்லை. பிறரது ரத்தத்திலிருந்து எடுத்த காமா குளோபுலினை மாதாமாதம் தோலுக்கடியில் ஊசியாகப் போட்டார். அதன்பின் ஒரு வருடத்துக்கும் மேலாக அந்த நிமோகாக்கஸ் தொற்று திரும்பவில்லை. 1952-இல் அவர் இதை வெளியிட்டார். நோயின் பெயர், காரணம், மருந்து மூன்றும் ஒரே கட்டுரையில் வெளிவந்தது மருத்துவத்தில் அரிது. அவரை அங்கே கொண்டுசேர்த்தது கருவி மட்டுமல்ல, 19 முறையையும் ஒரே கணக்கில் எழுதிப் பார்த்ததும்தான் என்று நான் நினைக்கிறேன்.

இந்த நோய் பிறந்தவுடன் வெளிப்படாது. கர்ப்பத்தில் தாய் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு போல, அவளது ஆன்டிபாடிகள் ஆறு மாதம் வரை குழந்தையைக் காக்கும். அவை தீர்ந்ததும் காதில் சீழ், சைனஸ், நிமோனியா என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். 1993-இல் அடையாளம் காணப்பட்ட பழுதான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. எனவே பெண்கள் நோயில்லாமல் அதைச் சுமப்பார்கள், ஆண் குழந்தைகளுக்கே நோய் வரும். குழந்தையின் தாய்மாமன்களில் யாராவது சிறுவயதில் காய்ச்சலில் இறந்தார்களா என்ற ஒரே கேள்வி பல சமயம் நோயைக் காட்டிக்கொடுத்துவிடும். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்ப்பதும் அப்படித்தான். நான்கைந்து வயதில் டான்சில் பெரிதாகவே இருக்கும். இந்தப் பையன்களுக்குத் தொண்டையின் இரு ஓரமும் வெறுமையாக இருக்கும், ஏனென்றால் டான்சிலை நிரப்ப வேண்டிய, ஆன்டிபாடிக்கு மூலமான பி அணுக்களே அவர்களிடம் இல்லை.

எதிர்ப்புத் திறனைக் குலைக்கும் மரபணுக் கோளாறுகள் 450-க்கு மேல் கண்டறியப்பட்டுள்ளன. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் மட்டுமே தாக்குபவை அவற்றில் நிறைய. நெருங்கிய சொந்தத்தில் திருமணம் அதிகமாக நடக்கும் மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று என்பதால், இதை நாம் அடுத்தவர் பிரச்சினையாகப் பார்க்க முடியாது.

முதல் பரிசோதனைகள் எளியவை. எச்.ஐ.வி. இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, சாதாரண ரத்த அணு எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். கைக்குழந்தையின் லிம்போசைட் என்ற வெள்ளணுவின் எண்ணிக்கை 3,000-க்குக் கீழே இருந்தால் அதை அப்படியே விடக் கூடாது. லிம்போசைட்டில் ஒரு வகையான டி அணுக்களே இல்லாத கடுமையான வகைக் குறைபாடாக இருக்கலாம். எண்ணிக்கை அச்சிட்ட தாளிலேயே இருக்கும், ஹீமோகுளோபினைப் பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைத்துவிடுகிறோம். அடுத்தது இம்யூனோகுளோபுலின் எனப்படும் ஆன்டிபாடிகளின் அளவுகள். அதற்கும் மேல் அணு வகைகளைப் பிரித்து எண்ணும் ஃபுளோ சைட்டோமெட்ரியும் மரபணுப் பரிசோதனையும். வேலூர் சி.எம்.சி., சண்டிகர் பி.ஜி.ஐ., மும்பையில் உள்ள தேசிய நோயெதிர்ப்பு ரத்தவியல் நிறுவனம் ஆகியவற்றில் இதற்கான நிபுணர்கள் இருக்கிறார்கள்.

புரூட்டன் கண்ட நோய்க்கு இன்றும் அதே மருந்துதான், இப்போது பெரும்பாலும் டிரிப்ஸாக ஏற்றுகிறார்கள். ஆன்டிபாடி மூன்று வாரத்தில் பாதியாகக் குறைந்துவிடுவதால் மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை போட்டாக வேண்டும். கிலோவுக்கு 400 மில்லிகிராமுக்குக் குறையாமல் என்றால் 20 கிலோ பையனுக்கு ஒரு தடவைக்கு 8 கிராம். முதலில் சொட்டுச் சொட்டாக, காய்ச்சலோ தலைவலியோ வருகிறதா என்று பார்த்துப் பார்த்து வேகம் கூட்டுவார்கள். மாதம் ஒருநாள் பள்ளி தவறும், ஆனால் மற்ற நாட்களில் அவன் எல்லாப் பையன்களையும் போலப் பந்து விளையாடுவான். எடை ஏற ஏற மருந்தும் செலவும் ஏறும். ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களின் பிளாஸ்மாவைச் சேர்த்துத்தான் இதைத் தயாரிக்கிறார்கள், மாத்திரையாகவோ சிரப்பாகவோ இதற்கு மாற்று இல்லை. தாமதித்தால், தொடர்ந்த தொற்றில் மூச்சுக்குழாய்கள் விரிந்து சளி தேங்கத் தொடங்கும். அந்தச் சேதம் பிறகு திரும்பாது.

டி அணுக்கள் இல்லாத கடுமையான வகைக்குத் தீர்வு எலும்பு மஜ்ஜை மாற்று. பிறந்த மூன்றரை மாதத்துக்குள், தொற்று தாக்கும் முன் செய்தால் பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கின்றன. அமெரிக்காவில் பிறக்கும் குழந்தைகள் அனைவருக்கும் குதிகால் ரத்தத்தில் இதைச் சோதிக்கிறார்கள். நம் நாட்டில் அப்படியொரு பொதுத் திட்டம் இல்லை. 2021-இன் தேசிய அரிய நோய்க் கொள்கையில் இந்த நோயும் இடம்பெற்றிருக்கிறது. சிகிச்சை உதவிக்கு வழி வைத்துவிட்டுக் கண்டுபிடிக்க வழி வைக்காதது பெரிய குறை. பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் இந்தச் சோதனையை அரசு தொடங்க வேண்டும்.

இங்கே இன்னொரு ஆபத்தும் உண்டு. பிறந்ததும் போடும் பி.சி.ஜி. உயிருள்ள கிருமியைக் கொண்ட தடுப்பூசி. பெரும்பாலான குழந்தைகளுக்கு அது பாதுகாப்பானது, அவசியமானதும் கூட. டி அணுக்கள் இல்லாத குழந்தைக்கோ அந்தக் கிருமியே உடலெங்கும் பரவலாம்.

ஆகவே பெற்றோரிடம் இரண்டு வேண்டுகோள். குழந்தையின் டிஸ்சார்ஜ் சீட்டு, எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனைத் தாள் எதையும் தூக்கி எறியாமல் தேதி வாரியாக ஒரே ஃபைலில் போட்டு, எந்த மருத்துவரிடம் போனாலும் எடுத்துப்போங்கள். வீட்டில் முன்பு ஒரு பச்சிளங்குழந்தை தொற்றில் இறந்திருந்தால், அடுத்த குழந்தைக்கு பி.சி.ஜி. போடும் முன்பே அதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.