மணலாக இருந்த குன்று

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த குன்றுகள் பலவற்றில் வெளிறித் தெரியும் கடினமான பாறை படிகப்பார் (குவாட்சைட்). இது முதலில் வெறும் மணல். ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளுக்கு முன் நீரடியில் படிந்து மணற்கல்லாக இறுகியது. சுமார் 55 முதல் 61 கோடி ஆண்டுகளுக்கு முன், கொண்டுவானாப் பெருநிலம் ஒன்றிணைந்தபோது, நிலத்தின் ஆழத்தில் அமிழ்ந்து 700 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் உருமாறியது. அப்போதும் இது உருகவில்லை. திண்ம நிலையிலேயே மணல்மணிகள் ஒன்றோடொன்று பின்னிப் புதிய படிகங்களாயின. உடைந்த முகப்பை உற்றுப் பாருங்கள்: கற்கண்டுபோல் மினுங்கும்.

அருகிலிருந்த மென்பாறைகள் வெயிலிலும் மழையிலும் தேய்ந்து தாழ்ந்தன. படிகப்பார் உயர்ந்து நின்றது. தெற்கே கொட்டியாரக் குடாவில் மகாவலி கங்கை இன்றும் மணல் சேர்க்கிறது. ஆழப் புதையுண்டு இறுகினால் அதுவும் மணற்கல்லாகும்.