இளைப்பாற நேரமில்லாத மன்னரின் கோடை மாளிகை

பெங்களூரில் வேலை பார்க்கும் தமிழர்களில் சிட்டி மார்க்கெட் தெரியாதவர் இருக்க மாட்டார். பூ வாங்கவும், காய்கறி வாங்கவும், இரும்புச் சாமான் வாங்கவும் அங்கேதான் போகவேண்டும். கலாசிபாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, பையும் கையுமாக அந்தப் பக்கம் நடந்து போகிறவர்கள் தினமும் ஆயிரக்கணக்கானோர். மார்க்கெட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு சுல்தானின் மாளிகை இருக்கிறது. அதற்குள் போய் வந்தவர்கள் எத்தனை பேர்?

பத்து வருஷம் இந்த ஊரில் இருந்தும், "ஏதோ பழைய ஆபீஸ் போலிருக்கிறது" என்று சொல்லிவிட்டு வாசலோடு போகிறவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதிலும் ஓர் உண்மை இருக்கிறது. அது என்ன என்பதைப் பிறகு பார்ப்போம்.

மரத்தால் ஒரு மாளிகை

இதுதான் திப்பு சுல்தானின் கோடை மாளிகை. 1781-ல் ஹைதர் அலி இதைக் கட்டத் தொடங்கினார். மறு வருஷமே அவர் காலமாகிவிட்டார். மகன் திப்பு 1791-ல் கட்டி முடித்தார். அப்போது இந்த இடம் பெங்களூர்க் கோட்டைக்கு உள்ளே இருந்தது. கோட்டையில் பெரும் பகுதி இப்போது இல்லை. டில்லி வாசலும் அதை ஒட்டிய கொஞ்சம் மதிலும்தான் மிச்சம்.

அரண்மனை என்றதும் பளிங்குத் தரையையும் வானளாவிய கோபுரத்தையும் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். இது இரண்டே மாடி. கீழே கல் பீடம், அதன் மேல் தேக்கு மரத் தூண்கள், தூணுக்குத் தூண் வளைவு. எங்கு பார்த்தாலும் மரம்! கிழக்கிலும் மேற்கிலும் திறந்த கூடங்கள் இருப்பதால் காற்று தாராளமாக வருகிறது. மார்க்கெட் வெயிலில் அலைந்துவிட்டு உள்ளே நுழைகிறவருக்கு, கோடை மாளிகை என்று ஏன் பெயர் வைத்தார்கள் என்பது சட்டென்று விளங்கிவிடும்.

மாடியில் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் முகப்புகளில் உட்கார்ந்துதான் சுல்தான் தர்பார் நடத்தினாராம். சுவர்களில் பூ வேலைப்பாடு. சாயம் மங்கியிருந்தாலும் பல இடங்களில் இன்னும் தெரிகிறது. பாரசீக மொழியில் ஒரு வாசகமும் உண்டு. இது இன்பத்தின் இருப்பிடம், சொர்க்கமே பொறாமைப்படும் இடம் என்பது அதன் பொருள்.

ஆனால் அந்த இன்பம் கட்டியவருக்குக் கிடைத்ததா?

கட்டி முடித்த வருஷத்தில்

மாளிகை முடிந்த அதே 1791-ல், கார்ன்வாலிஸ் பிரபுவின் கும்பினிப் படை வேலூரிலிருந்து புறப்பட்டு மலையேறி வந்தது. மார்ச் 21-ந் தேதி இரவு பெங்களூர்க் கோட்டை விழுந்தது.

மறு வருஷம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சமாதான உடன்படிக்கை ஏற்பட்டது. திப்பு தமது ராஜ்யத்தில் பாதியை விட்டுக் கொடுத்தார். நம்மவர் பலருக்குச் சொந்த ஊரான சேலமும், கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கத்துப் பாராமகாலும், திண்டுக்கல்லும் வெள்ளையர் கைக்குப் போனது அப்போதுதான். மூன்று கோடியே முப்பது லட்ச ரூபாய் நஷ்டஈடு வேறு. பெங்களூர் திரும்பக் கிடைத்தது. ஆனால் பணம் கட்டி முடியும் வரை, அப்துல் காலிக், முயிசுதீன் என்ற தம் இரண்டு மகன்களைத் திப்பு பிணையாக ஒப்படைக்க வேண்டியிருந்தது. சிறு பையன்கள்! சென்னைப் பட்டணத்துக்குக் கொண்டு போகப்பட்டார்கள்.

அவர்கள் திரும்பி வந்தது 1794-ல். தேவனஹள்ளியில் தகப்பனாரிடம் சேர்க்கப்பட்டார்கள். திப்பு பிறந்த ஊரும் தேவனஹள்ளிதான். பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு இங்கே வந்து சம்பாதிக்கிறவர்களுக்கு, அந்த இரண்டு வருஷம் எப்படிக் கழிந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

1799 மே 4-ந் தேதி ஸ்ரீரங்கப்பட்டணப் போரில் திப்பு மாண்டார். குடும்பத்தாரை வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள். 1806 ஜூலை 10-ந் தேதி வேலூரில் சிப்பாய்கள் கிளர்ந்து எழுந்தபோது கோட்டையில் ஏற்றியது திப்புவின் கொடியைத்தான். அதன் பிறகு பிள்ளைகளைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். குடும்பத்தில் சிலருடைய சமாதிகள் வேலூரிலேயே இருக்கின்றன.

ஆற்காட்டுப் பெயர்

திப்பு என்ற பெயரே நம் பக்கத்துப் பெயர்தான். ஆற்காட்டில் அடக்கமாகியிருக்கும் திப்பு மஸ்தான் அவுலியா என்ற மகானின் பெயரைத்தான் பிள்ளைக்கு வைத்தார்கள்.

திப்புவைப் பற்றி எல்லோருக்கும் ஒரே அபிப்பிராயம் கிடையாது. வெள்ளையரை எதிர்த்து உயிரைக் கொடுத்தவர் என்பார்கள் ஒரு சாரார். குடகிலும் மலபாரிலும் ஜனங்கள் பட்ட பாட்டை மறக்க முடியாது என்பார்கள் மற்றொரு சாரார். கர்நாடக அரசு 2015-ல் திப்பு ஜெயந்தி கொண்டாட ஆரம்பித்து, 2019-ல் நிறுத்தியதும் இந்தச் சச்சரவில்தான். மாளிகைக்குப் பக்கத்திலேயே கோட்டே வெங்கடரமணர் கோயில் இருக்கிறது. உடையார் மன்னர் காலத்தில் கட்டிய அந்தக் கோயில் மாளிகையைவிட மூத்தது. இரண்டையும் ஒரே நடையில் பார்த்துவிட்டு அவரவர் யோசித்துக் கொள்ளலாம்.

குமாஸ்தாக்கள் வந்தார்கள்

இனி, அந்த ஆபீஸ் கதை. 1831-ல் மைசூர் நிர்வாகத்தை வெள்ளையர் தாங்களே எடுத்துக்கொண்டு, தலைமை இடத்தைப் பெங்களூருக்கு மாற்றினார்கள். அலுவலகம் நடத்த இடம் வேண்டுமே! சுல்தானின் மாளிகைதான் கிடைத்தது. தர்பார் நடந்த கூடத்தில் மேஜையும் நாற்காலியும் வந்தன. மனுவுடன் ஜனங்கள் காத்துக் கிடந்தார்கள். குமாஸ்தாக்கள் மை தொட்டு எழுதினார்கள்.

1868-ல்தான் ஆபீஸ் இங்கிருந்து கிளம்பியது. அது போன இடம், இன்று விதான சௌதாவுக்கு எதிரே ஐகோர்ட்டாக இருக்கும் சிவப்புக் கட்டடம். பதினெட்டு இலாகாக்கள் இருந்ததால் அதற்கு அட்டாரா கச்சேரி என்று பெயர். ஆக, "பழைய ஆபீஸ்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் அறியாமல் சொன்னாலும் பொய் சொல்லவில்லை. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு குடியிருந்த லால் மகால் இடிந்து போய் அடித்தளம் மட்டும் கிடக்கிறது. பெங்களூர் மாளிகை தப்பி நிற்பதற்கு அந்த ஆபீஸும் ஒரு காரணமாக இருக்கலாம்.

தோட்டமும் தோட்டக்காரர்களும்

மாளிகையின் முன்னால் இப்போது இருப்பது சிறிய புல்வெளியும் பூச்செடிகளும்தான். பெரிய தோட்டத்தைப் பார்க்க வேண்டுமானால் லால்பாக்குக்குப் போக வேண்டும். 1760-ல் அதற்கு வித்திட்டவரும் ஹைதர் அலிதான். திப்பு வெளிநாடுகளிலிருந்து விதையும் செடியும் வரவழைத்து வளர்த்தார். இன்று அது 240 ஏக்கர். கண்ணாடி மாளிகைக்கு 1889-ல் அடிக்கல் நாட்டியவர் ஆல்பர்ட் விக்டர் இளவரசர். கோடை மாளிகை இருக்கும் ரோட்டுக்கும் அவர் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். இப்போது அது ஆலூர் வெங்கடராவ் ரோடு. லால்பாக்கில் குழந்தைகள் ஏறி விளையாடும் பாறைக்கு வயது சுமார் 300 கோடி வருஷம் என்கிறார்கள் நிலவியலார்.

தோட்ட வேலையில் பேர்போனவர்கள் திகளர்கள். ஹைதர் காலத்தில் தமிழ் தேசத்திலிருந்து அழைத்து வரப்பட்டவர்கள் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். அவர்களில் பலர் வீட்டில் பேசுவது தமிழ் கலந்த பேச்சு. சித்திரைப் பௌர்ணமியில் நகரமே விழித்திருக்கும் கரகத் திருவிழா அவர்களுடையது. கரகம் காட்டன்பேட்டை தர்காவில் நின்றுதான் போகும். பிழைக்க வந்தவர்களுடைய திருவிழா இந்த ஊரின் திருவிழாவாகிவிட்டது.

போவது எப்படி?

மெட்ரோவில் கிருஷ்ணராஜேந்திர மார்க்கெட் ஸ்டேஷனில் இறங்கினால் மாளிகைக்கு நடந்தே போகலாம். அங்கிருந்து இரண்டாவது ஸ்டேஷன் லால்பாக். மாளிகை மத்திய தொல்பொருள் இலாகாவின் பராமரிப்பில் இருக்கிறது. பெரியவர்களுக்கு டிக்கெட் உண்டு, 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இல்லை. கீழ்த்தளத்தில் சிறிய கண்காட்சியும் இருக்கிறது. தூண்களில் பெயரைக் கீறும் கெட்ட பழக்கம் நம்மவர்களிடமும் உண்டு. பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி அழைத்துப் போவது நல்லது.

சொர்க்கமே பொறாமைப்படும் என்று எழுதிய இடத்தில் திப்புவுக்கு நிம்மதியாக உட்கார நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மனைவி மக்களோடு போய், தூண் நிழலில் அரை மணி நேரம் நின்று, புல்வெளியில் கட்டுச்சோற்றின் நினைப்போடு உட்கார்ந்து வர நமக்கு நேரம் இருக்கிறது. அடுத்த முறை மார்க்கெட்டுக்குப் போகும்போது, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அந்த வாசலுக்குள்ளும் ஒரு நடை போய் வாருங்கள்.