முகம் காணாத மாணவருக்குப் பாடம் சொல்லும் வித்தை

ஞாயிற்றுக்கிழமை காலையில் ராமகிருஷ்ணபுரம் மலைமந்திரில் சுவாமி தரிசனம், திரும்பும் வழியில் காய்கறி, பிற்பகலில் ஒரு குட்டித் தூக்கம். தில்லித் தமிழர் பலருடைய வார விடுமுறை இப்படித்தான் கழிகிறது. ஆனால் அதே காலையில் தோளில் ஒரு பையும், பையில் இரண்டு பாடப் புத்தகங்களுமாக பஸ் பிடித்து ஓடுகிறவர்களும் நம்மிடையே உண்டு. வார நாட்களில் அவர் ஏதோ ஓர் அமைச்சகத்தில் பைல் புரட்டும் குமாஸ்தா. அல்லது ஓக்லாவில் ஒரு பட்டறைத் தொழிலாளி. ஞாயிறன்று மட்டும் கல்லூரி மாணவர்!

வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் இவர்களுடைய சிரமங்களைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். இவர்களுக்குப் பாடம் சொல்கிறவர்களைப் பற்றித்தான் அதிகம் யாரும் எழுதுவதில்லை. பட்டம் பெற்ற பேராசிரியர்தானே, நேரில் சொன்னால் என்ன, தபாலில் சொன்னால் என்ன, கம்ப்யூட்டர் திரையில் சொன்னால் என்ன என்ற எண்ணம்தான் காரணம் என்று நினைக்கிறேன். அந்த எண்ணம் சரியல்ல.

வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர் முன்வரிசைப் பையனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசுகிறார். அவன் புருவம் சுருங்கினால், சொன்னதையே வேறு விதமாகத் திருப்பிச் சொல்கிறார். கடைசி பெஞ்சில் சலசலப்பு எழுந்தால், பாடம் அலுத்துவிட்டது என்று தெரிந்து ஒரு கதை சொல்கிறார். இதையெல்லாம் அவர் யோசித்துச் செய்வதில்லை, பழக்கத்தில் வருகிறது. மாணவர் 20 கிலோமீட்டருக்கு அப்பால் இரவு பத்து மணிக்கு விளக்கடியில் உட்கார்ந்திருக்கிறார் என்றால் புருவமும் தெரியாது, சலசலப்பும் கேட்காது. வகுப்பில் கைகொடுத்த பழக்கம் அங்கே உதவாது. புதிதாக ஒரு தொழிலைக் கற்பது போல இதைக் கற்றாக வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. பள்ளிக்கூட ஆசிரியராவதற்கு பி.எட். படிக்க வேண்டும். கல்லூரி ஆசிரியருக்கு முதுகலைப் பட்டமும் தேசியத் தகுதித் தேர்வும், அல்லது டாக்டர் பட்டமும் இருந்தால் போதும். பாடம் சொல்லும் முறையை அவர் வேலையில் சேர்ந்த பிறகுதான் கற்றுக்கொள்கிறார். ஆகவே கண்காணாத மாணவருக்குப் பாடம் சொல்லப் போகிற கல்லூரி ஆசிரியர் இரண்டு மடங்கு புதியவர் எனலாம்.

தலைநகரில் தொடங்கிய கதை

இந்த விஷயத்தில் தில்லிக்கு ஒரு தனி இடம் உண்டு. நம் நாட்டில் பல்கலைக்கழகப் பட்டத்துக்கு அஞ்சல்வழிப் படிப்பு முதன்முதலாகத் தொடங்கியது இங்கேதான். 1962-ல் தில்லிப் பல்கலைக்கழகம் சுமார் 900 மாணவர்களுடன் அதை ஆரம்பித்தது. தமிழ்நாட்டில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971-லும், அண்ணாமலை 1979-லும் அந்த வழியில் வந்தன. கரோல்பாக்கிலும் முனிர்காவிலும் ஒற்றை அறையில் குடியிருந்துகொண்டு, மதுரையிலிருந்து வரும் பாடக் கட்டுக்காகத் தபால்காரரை எதிர்பார்த்துக் காத்திருந்த நம்மவர்கள் அநேகம் பேர்.

அந்தக் காத்திருப்பு எனக்கும் தெரியும். நானும் ஓர் இடத்தில் பணம் கட்டிப் படித்தவன்தான். எந்த இடம் என்பது வேண்டாம். பொருளாதாரப் பாடத்தில் ஒரு கேள்விக்குப் பன்னிரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். நாலு மாதம் கழித்துத் தாள் திரும்பி வந்தது. பன்னிரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு டிக் அடையாளம். கடைசியில் சிவப்பு மையில், பத்துக்கு ஆறு. அவ்வளவுதான். குறைந்த நாலு மார்க் எங்கே போயிற்று என்று இன்றுவரை தெரியாது. அடுத்த கேள்விக்கு நான் மூன்று பக்கத்துக்கு மேல் எழுதவில்லை. அதற்கும் ஆறுதான் கிடைத்தது!

பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் 1985-ல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தில்லியில் நிறுவப்பட்டபோது, இந்தக் குறையை அதன் அமைப்பாளர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். முதல் துணைவேந்தர் ஜி. ராம்ரெட்டி, அதற்கு முன் 1982-ல் ஹைதராபாதில் நாட்டின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கி நடத்தியவர். புதிய பல்கலைக்கழகம் 1987-ல் முதன்முதலாக நடத்திய படிப்புகள் இரண்டே இரண்டு. ஒன்று மேலாண்மை டிப்ளமா. வேலையில் இருப்பவர்கள் விரும்பிச் சேரும் படிப்பு அது; ஆச்சரியமில்லை. மற்றொன்று தொலைநிலைக் கல்வியில் டிப்ளமா. அதாவது, தூரத்து மாணவர்களுக்குப் பாடம் சொல்லப் போகிறவர்களுக்கான படிப்பு. இரண்டிலும் சேர்ந்தவர்கள் மொத்தம் 4,528 பேர். கடை திறந்த முதல் நாளிலேயே, கடையில் வேலை செய்கிறவர்களுக்கும் பயிற்சி தொடங்கிவிட்டது என்று சொல்லலாம்.

அந்த டிப்ளமாவில் ஒரு நுட்பம் உண்டு. அதுவே தபால் மூலம் நடத்தப்பட்டது. கல்லூரியில் இருபது வருடம் நின்று பேசிய ஆசிரியரும் அச்சடித்த பாடத்தைத் தானே படித்து, அசைன்மென்ட் எழுதி அனுப்பி, அது திருத்தப்பட்டு வருமா என்று வாசலைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். மாணவர் படும் பாடு என்ன என்பதை ஆசிரியருக்கு இதைவிடச் சுருக்கமாகப் புரியவைக்க முடியாது.

நம்மவர் ஒருவர் இந்தப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார் என்பதும் இங்கு குறிப்பிடத்தக்கது. கரூர்ப் பக்கத்தில் பிறந்து, நீர்வளப் பொறியியலில் பெயர் பெற்று, குலோத்துங்கன் என்ற பெயரில் கவிதையும் எழுதிய டாக்டர் வா.செ. குழந்தைசாமி, அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தர் பதவிக்குப் பிறகு 1990 முதல் 1994 வரை இங்கே அப்பொறுப்பில் இருந்தார். தொலைநிலைக் கல்வி ஆசிரியர்களின் பயிற்சிக்கும் ஆராய்ச்சிக்கும் என்றே ஒரு தனி நிலையம், 'ஸ்டிரைட்' என்று சுருக்கமாக அழைக்கப்படுவது, 1993-ல் அவர் காலத்தில்தான் மைதான் கடியில் உருவாயிற்று. அப்போது கனடாவின் வான்கூவரில் இருந்த காமன்வெல்த் கல்வி அமைப்பு அதற்குத் துணை நின்றது.

சிவப்பு மையில் இருக்கிறது வகுப்பு

இத்தகைய பயிற்சியில் என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள்? மிகவும் சுவையான பகுதி, விடைத்தாளில் குறிப்பு எழுதுவது பற்றியதுதான். தூரத்து மாணவருக்கு ஆசிரியர் எழுதும் அந்த இரண்டு வரிதான் வகுப்பு. மற்றதெல்லாம் புத்தகம்.

ஆகவே குறிப்புகளைத் தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். 'நன்று', 'பரவாயில்லை' என்று மட்டும் எழுதுவது வெற்றுக் குறிப்பு; மாணவருக்கு அதில் எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. ஒன்றுமே எழுதாமல் மார்க் மட்டும் போடுவதையும் ஒரு வகையாகவே கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். அது கேலியில்லை, மௌனமும் ஒரு பதில்தான் என்பது மாணவருக்குத் தெரியும். 'இதைக்கூடவா படிக்கவில்லை?' என்பது போன்றது கெடுதல் செய்யும் குறிப்பு. ஓரத்தில் ஒரு கேள்விக்குறியை மட்டும் போட்டுவிட்டுப் போவது, மாணவரைத் திசை தெரியாமல் தவிக்கவிடும். பயனுள்ள குறிப்பு எப்படி இருக்கும்? 'தேவைக்கும் விலைக்கும் உள்ள தொடர்பைச் சரியாகச் சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் காட்டிய உப்பு உதாரணம் இங்கே பொருந்தாது. விலை ஏறினாலும் நாம் உப்பு வாங்குவதைக் குறைப்பதில்லையே? பாடத்தில் அந்தப் பகுதியை மறுபடியும் பாருங்கள்.' இப்படி ஒரு குறிப்பு எனக்குக் கிடைத்திருந்தால் என் நாலு மார்க்கின் இருப்பிடம் தெரிந்திருக்கும்.

குறிப்பைவிட முக்கியம், அது போய்ச் சேரும் வேகம். நார்வே நாட்டில் ரெக்கடால் என்ற ஆராய்ச்சியாளர் 1970-களில் ஒரு சோதனை செய்து பார்த்தார். அஞ்சல்வழி மாணவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரின் தாள்களை மட்டும் சில நாட்கள் முன்னதாகத் திருத்தி அனுப்பச் செய்தார். அந்தப் பிரிவில் 100-க்கு 91 பேர் படிப்பை முடித்தார்கள். வழக்கமான தாமதத்தோடு பெற்றவர்களில் முடித்தவர்கள் 69 பேர். பாடம் ஒன்றேதான், தபால் கொஞ்சம் சீக்கிரம் வந்தது, அவ்வளவே. நாலு மாதம் என்று நான் சொன்னதை நினைத்துப் பாருங்கள்.

ஸ்வீடன் நாட்டில் மால்மோ நகரத்து ஹெர்மாட்ஸ் அஞ்சல்வழிப் பள்ளியில் பணியாற்றிய ஹோம்பெர்க் என்ற அறிஞர், தொலைநிலைப் பாடம் என்பது நடத்திச் செல்லப்படும் ஓர் உரையாடல் என்றார். பாடம் எழுதுகிறவரும் தாள் திருத்துகிறவரும் எதிரில் ஒருவர் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு 'நீங்கள்' என்று பேச வேண்டும் என்பது அவர் கட்சி. நம் ஊர்ப் பேராசிரியர்களுக்கு இதில்தான் சங்கடம். எதிரே ஆள் இருந்தால் சரளமாகப் பேசுகிறவர், பேனாவை எடுத்ததும் அரசாங்கச் சுற்றறிக்கை எழுதத் தொடங்கிவிடுகிறார்.

ஞாயிறு வகுப்பிலும் பயிற்சி வேண்டியிருக்கிறது. கல்வி மையத்துக்கு வரும் ஆசிரியருக்குக் கல்வி ஆலோசகர் என்று பெயர் வைத்ததே காரணத்தோடுதான். அவர் முழுப் பாடத்தையும் சொற்பொழிவாகப் பொழியக் கூடாது. மாணவர் படித்துவிட்டு வந்து கேட்கும் சந்தேகத்தைத் தீர்க்க வேண்டும். ஆனால் ஆறு நாள் வேலை செய்த களைப்பில் பலர் படிக்காமலே வருகிறார்கள். ஆலோசகரும் வேறு வழியின்றி உபந்நியாசத்தில் இறங்கிவிடுகிறார். இரு தரப்புக்கும் இது வசதிதான்.

தபாலிலிருந்து திரைக்கு

தபால் போய், டெலிவிஷன் வந்தது. மைதான் கடி ஸ்டூடியோவில் ஆசிரியர் பேச, ஊர் ஊராக மாணவர்கள் திரையில் பார்த்து, டெலிபோனில் சந்தேகம் கேட்டார்கள். கல்விக்கென்றே எஜுசாட் என்ற செயற்கைக்கோள் 2004 செப்டம்பரில் ஏவப்பட்டது. பிறகு இன்டர்நெட். மத்திய அரசின் 'ஸ்வயம்' 2017 ஜூலையில் தொடங்கப்பட்டது. அதில் ஒரு பாடம் என்றால் நான்கு அங்கங்கள் இருக்க வேண்டும்: வீடியோ விரிவுரை, படிக்கும் பாடம், பயிற்சித் தேர்வு, மாணவரும் ஆசிரியரும் சந்தேகம் பரிமாறிக்கொள்ளும் பகுதி. முதல் மூன்றையும் பணம் செலவழித்துத் தயாரித்துவிடலாம். நான்காவதுக்கு ஆள் வேண்டும், தினமும் வேண்டும்.

2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடப்பட்டபோது, நாட்டிலுள்ள கல்லூரி ஆசிரியர்கள் அனைவரும் ஒரே வாரத்தில் தொலைநிலை ஆசிரியர்களாக ஆக்கப்பட்டார்கள். செல்போனைப் புத்தகக் கட்டின்மேல் சாத்திவைத்து ஒரு மணி நேரம் இடைவிடாமல் பேசினார்கள். மறுமுனையில் கேமராவை மூடிவிட்டு மாணவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்பது, பிள்ளைகளைப் பெற்ற நமக்குத் தெரியும். பயிற்சி இல்லாமல் இறக்கிவிட்டால் என்ன ஆகும் என்பதை நாடே பார்த்தது.

பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கில்லி சாமன், இணையவழி ஆசிரியர்களைத் தயாரிப்பது பற்றி 2000-ல் ஒரு நூல் வெளியிட்டார். ஆசிரியராக வருகிறவர் முதலில் சில வாரங்கள் இணையத்தில் மாணவராக இருந்து பார்க்க வேண்டும் என்பது அவருடைய முறை. மாணவர்கள் உள்ளே நுழைவதே முதல் படி, ஒருவரையொருவர் தெரிந்துகொள்வது இரண்டாவது, பாடம் அதற்கப்புறம்தான். அவசரக்காரப் பேராசிரியர்கள் முதல் இரண்டு படிகளையும் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். நம் டிப்ளமாக்காரர்கள் 1987-ல் தபாலில் பட்ட அனுபவமே இங்கே வேறு வேஷத்தில் வருவதைக் காணலாம்.

திரையில் ஒரு வசதி இருக்கிறது. யார் எத்தனை நாளாக உள்ளே வரவில்லை என்று ஆசிரியருக்கு அது காட்டிக்கொடுக்கும். பயிற்சி பெற்றவர் பத்து நாள் வராதவருக்கு ஒரு வரி எழுதுவார், அல்லது போன் செய்வார். 'ஆபீசில் ஆடிட், அதனால் முடியவில்லை சார்' என்று பதில் வரும். இன்னும் ஒரு வாரம் அவகாசம் என்று சொன்னால், அந்த மாணவர் தப்பித்தார். யாரும் கேட்காவிட்டால் அடுத்த கட்டணத்தைக் கட்டாமலே நின்றுவிடுவார். அவர் நின்றதற்கு ஆடிட்தான் காரணம் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள்.

இதையெல்லாம் செய்ய நேரம் எங்கே என்பதுதான் கேள்வி. இணையவழிப் பட்டப் படிப்புகளுக்கான பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள் 250 மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி ஆசிரியர் என்று கணக்கிடுகின்றன. ஒரு தாளுக்குப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும் 250 தாளுக்கு 41 மணி 40 நிமிடம். ஒரு வாரத்து வேலை முழுவதும் அதிலேயே போய்விடும். எவ்வளவு சிறந்த பயிற்சி பெற்றவரும் அப்போது 'நன்று' என்று எழுதத்தான் செய்வார். பயிற்சியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பேச வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

நீங்களோ உங்கள் பிள்ளையோ இப்படி ஒரு படிப்பில் சேரப் போகிறீர்களா? கட்டணமும் பட்டத்தின் அங்கீகாரமும் விசாரித்த பிறகு, இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள். அசைன்மென்ட் திரும்பி வர எத்தனை நாள்? ஓர் ஆசிரியரிடம் எத்தனை மாணவர்? முடிந்தால் பழைய மாணவர் ஒருவரின் திருத்திய தாளை வாங்கிப் பாருங்கள். விளம்பரத்தில் தெரியாத விஷயம் அதில் தெரியும்.

முதுகலைப் பட்டமும், கணக்கு, நிர்வாகம், நூலகம் போன்ற துறைகளில் அனுபவமும் உள்ளவர்கள் தில்லித் தமிழரிடையே ஏராளம். திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்குத் தில்லியில் மூன்று மண்டல மையங்கள் இருக்கின்றன. பகுதிநேரக் கல்வி ஆலோசகராக விரும்புகிறவர்கள் அங்கே தங்கள் விவரங்களைக் கொடுத்து வைக்கலாம். அந்தந்தப் பாடத் துறை ஒப்புதல் தர வேண்டும். சம்பளம் இல்லை, அமர்வுக்கு இவ்வளவு என்று ஒரு சிறு மதிப்பூதியம் உண்டு. ஞாயிறு காலை மலைமந்திர் தரிசனத்தைச் சனிக்கிழமைக்கு மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.