கொடி முதலில், சட்டம் பிறகு

பினாங்கில் உயில் எழுதிக் கொடுப்பது என் தொழில். எந்தச் சட்டப்படி எழுதுகிறோம் என்று துருவிக்கொண்டே போனால் பிரான்சிஸ் லைட்டிடம்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

கிழக்கிந்தியக் கம்பெனிக்காக அவர் இந்தத் தீவில் கொடியேற்றியது 1786 ஆகஸ்ட் 11 அன்று. சயாம் படையெடுத்தால் கம்பெனி துணைக்கு வரும் என்று நம்பித்தான் கெடா சுல்தான் அப்துல்லா தீவை விட்டுக்கொடுத்தார். அந்த நம்பிக்கையை ஊட்டி வளர்த்தவர் லைட். கம்பெனியோ கைவிரித்துவிட்டது. 1791இல் சுல்தான் தீவை மீட்கப் படை திரட்டித் தோற்றார்; ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய டாலருக்கு இணங்க வேண்டியதாயிற்று. இதை ஏமாற்று என்றுதான் சொல்வேன்.

காட்டை வெட்டித் திருத்தியவருக்கே அந்த நிலம் என்றார் லைட். சீனர், மலாய்க்காரர், நம் கடற்கரையிலிருந்து சூலியர் எனப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் என வந்து குவிந்தார்கள். கடன் தகராறும் திருட்டும் அடிதடியும் கூடவே வந்தன. விசாரிக்கத்தான் முறையான நீதிமன்றம் இல்லை. சில்லறை வழக்குகளை அந்தந்தச் சமூகத்தின் தலைவரான கப்பித்தான் தீர்த்துவைத்தார். சூலியருக்குக் காதர் மொகிதீன்; கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் அவர் எழுப்பியது. வெள்ளைக்காரர் கொலையே செய்தாலும் கல்கத்தாவுக்குத்தான் அனுப்ப வேண்டும். சாட்சிகளோடு அவ்வளவு தூரம் கடல் கடந்து எந்த ஏழை வழக்காடுவான்? கல்கத்தாவிலிருந்து நீதிபதியாக வந்த ஜான் டிக்கன்ஸ், இங்கே நடப்பில் இருப்பது இயற்கைச் சட்டம் மட்டுமே என்று முறையிட்டார்.

நீதிச் சாசனம் 1807இல்தான் வந்தது. கொடியேறி 21 ஆண்டுகள் கழித்து! எட்மண்ட் ஸ்டான்லி ரெக்கார்டர் என்னும் பதவியில் முதல் நீதிபதியானார். குடிகளின் மதத்துக்கும் வழக்கத்துக்கும் இயன்றவரை இடம் தரவேண்டும் என்று சாசனம் சொன்னது. அந்த 'இயன்றவரை' எவ்வளவு என்பது 1835இல் அப்துல்லா என்பவரின் சொத்து வழக்கில் தெரிந்தது. இஸ்லாமியச் சட்டப்படி ஒருவர் உயிலால் கொடுக்கக்கூடியது மூன்றில் ஒரு பங்குதான், மீதி வாரிசுகளுக்கு. நீதிபதி பெஞ்சமின் மால்கினோ, சாசனத்தோடு ஆங்கிலச் சட்டம் வந்துவிட்டது, ஆகவே முஸ்லிமும் முழுச் சொத்தையும் உயில் எழுதலாம் என்று தீர்ப்பளித்தார். வாரிசுகளின் உரிமையைக் கைவிட்ட அந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்று நிலைமை வேறு. 1959ஆம் ஆண்டின் உயில் சட்டம் முஸ்லிம்களைக் கட்டுப்படுத்தாது. அவர்களுக்கு இஸ்லாமிய உயிலான வசிய்யத்தும் மூன்றில் ஒரு பங்கு வரம்பும்தான். அதனால் உயிலென்று யார் வந்தாலும், சொத்து விவரம் கேட்கும் முன் மதத்தைக் கேட்டுவிடுகிறேன்.