விபரப் பத்திரத்தில் ஐந்து லீற்றர், வீதியில் எத்தனை?

2020 ஆம் ஆண்டு விதிக்கப்பட்ட வாகன இறக்குமதித் தடை 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் நீக்கப்பட்டதையடுத்து, டேர்போ பொருத்தப்பட்ட சிறிய பெற்றோல் கார்கள் பற்றிய பேச்சு மீண்டும் எழுந்துள்ளது. பெற்றோல் கார்களுக்கான உற்பத்தி வரி எஞ்சினின் கொள்ளளவைக் கொண்டே எமது நாட்டில் கணிக்கப்படுவதால், ஆயிரம் சி.சி.க்கு உட்பட்ட கார்களின்பால் நாட்டம் ஏற்படுவது இயல்பே. வரி குறைவு, வலு அதிகம் என்பன உண்மைதான். பெற்றோலும் குறைவு என்பதையே நாம் சற்று ஆராய வேண்டியுள்ளது. 2022 ஜூனில் ஒக்டேன் 92 பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கு விற்கப்பட்டதையும், வரிசையில் இரவு பகலாகக் காத்திருந்ததையும் எவரும் இலகுவில் மறந்துவிட மாட்டார்கள்.

2012 இல் ஐரோப்பாவில் அறிமுகமான போர்ட் போகஸ் காரின் ஒரு லீற்றர் எஞ்சினை உதாரணமாகக் கொள்வோம். மூன்று சிலிண்டர்கள், 999 சி.சி., 125 குதிரைவலு. அதே வலுவைத் தந்த டேர்போ இல்லாத 1.6 லீற்றர் எஞ்சினின் உச்ச முறுக்குவிசை 159 நியூற்றன் மீற்றர். அதனைப் பெற எஞ்சின் நிமிடத்திற்கு 4,000 தடவைகள் சுழல வேண்டும். சிறிய எஞ்சினோ 1,400 சுழற்சியிலேயே 170 நியூற்றன் மீற்றரைத் தந்தது. அதற்கு அறிவிக்கப்பட்ட எரிபொருள் செலவு 100 கிலோமீற்றருக்கு 5 லீற்றர், அதாவது லீற்றருக்கு 20 கிலோமீற்றர். 2012 முதல் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் சிறந்த எஞ்சினுக்கான சர்வதேச விருதும் அதற்கே கிட்டியது.

இவ்வளவு சிறிய எஞ்சினுக்கு இவ்வலு எங்கிருந்து வருகிறது? வெளியேறும் புகையின் விசையால் சுழலும் சிறு சக்கரம், தன்னுடன் இணைந்த மற்றொரு சக்கரத்தையும் சுழற்றி, வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்துகிறது. காற்று கூடும்போது அதற்கேற்பப் பெற்றோலும் கூட வேண்டும். ஆகவே பெரிய எஞ்சினின் வேலையைச் செய்யும் வேளையில் சிறிய எஞ்சினும் பெரிய எஞ்சினைப் போலவே பெற்றோலைக் குடிக்கும். மிதமாக ஓட்டும்போது மாத்திரமே சேமிப்பு. ஐந்து பேரையும் பொதிகளையும் ஏற்றிக்கொண்டு கடுகண்ணாவ ஏற்றத்தில் ஏறும் காரிடம் அதனை எதிர்பார்ப்பது வீண். கடும் சுமையின்போது டேர்போ அளவுக்கு மீறிச் சூடாவதைத் தடுப்பதற்காகவே மேலதிக பெற்றோலைச் செலுத்தும் எஞ்சின்களும் உண்டு.

அந்த 5 லீற்றர் கணக்கு வீதியில் எடுக்கப்பட்டதல்ல. ஆய்வுகூடத்தில், உருளைகளின் மீது, சுமார் 20 நிமிடங்களில் 11 கிலோமீற்றர் தூரம், சராசரியாக மணிக்கு 34 கிலோமீற்றர் வேகத்தில் கார் ஓடவிடப்பட்டது. குளிரூட்டியும் இயக்கப்படவில்லை. அதனை நிறுத்திவிட்டுக் கொழும்பில் நண்பகலில் கார் ஓட்டுபவர் எத்தனை பேர்? ஐரோப்பாவில் அறிவிக்கப்பட்ட செலவுக்கும் உண்மைச் செலவுக்குமிடையிலான இடைவெளி 2001 இல் சுமார் 9 சதவீதமாக இருந்து 2015 இல் சுமார் 42 சதவீதமாக உயர்ந்ததாகத் தூய போக்குவரத்துக்கான சர்வதேச பேரவை கணித்தது. இது எல்லா வகைக் கார்களினதும் சராசரியே. எனினும் அதனை இக்காருக்குப் பொருத்திப் பார்த்தால் லீற்றருக்கு 20 என்பது 14 ஆகிவிடும். 2017 செப்டெம்பர் முதல் அங்கு நடைமுறைக்கு வந்த புதிய பரிசோதனை 30 நிமிடங்களும் 23 கிலோமீற்றரும் கொண்டது. உண்மைக்குச் சற்று நெருக்கமானது. எனவே பழைய கார் ஒன்றை வாங்குவோர், விபரப் பத்திரத்திலுள்ள இலக்கம் எந்தப் பரிசோதனையில் பெறப்பட்டது என்று கேட்பது அவசியம்.

பராமரிப்பும் செலவே. மேற்கூறிய எஞ்சினின் ஆரம்ப வகைகளில் டைமிங் பெல்ட் எஞ்சின் ஒயிலில் நனைந்தபடியே சுழல்கிறது. பிழையான ஒயிலாலோ தாமதமான மாற்றத்தாலோ அது சிதைந்து, துகள்கள் ஒயில் வடியை அடைத்தால், எஞ்சினே பழுதடையலாம். 2023 டிசம்பரில் அமெரிக்காவில் ஒரு லீற்றர் போகஸ் கார்கள் திருத்தத்திற்காகத் திருப்பி அழைக்கப்பட்டமைக்கு ஒயில் பம்பை இயக்கும் பெல்ட்டின் குறைபாடே காரணம்.

இத்தகைய ஐரோப்பிய எஞ்சின்கள் பெரும்பாலும் ஒக்டேன் 95 பெற்றோலுக்கென அமைக்கப்பட்டவை. 92 ஐ ஊற்றினால் எஞ்சினில் தட்டல் ஏற்படாதிருக்க, அதன் கணினி தீப்பொறியைத் தாமதப்படுத்தும். வலு குறையும், செலவு கூடும். ஆதலால் மாதச் செலவைக் கணிப்போர் 92 இன் விலையை விடுத்து 95 இன் விலையாலேயே பெருக்கிப் பார்க்க வேண்டும்.