உடையாத கண்ணாடி

ஒரு கார் இன்னொன்றில் மோதியதைச் சொல்ல ஆங்கிலத்தில் ஒரு டஜன் வினைச்சொற்களாவது உண்டு. ஹிட், பம்ப், ஸ்மாஷ், கொலைட், ஸ்ட்ரைக், ராம் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். பள்ளிக்கூட அகராதிகள் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் எதிரே ‘மோது’, ‘இடி’ என்று போட்டு வேலையை முடித்துவிடுகின்றன. வேகமாக இடித்தால் சத்தமான சொல், மெதுவாக இடித்தால் சாதுவான சொல் என்று நாமும் ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். அந்தக் கணக்கு தப்பில்லை, ஆனால் பாதிதான். நடந்ததைப் பார்த்துச் சொல் வருவது ஒரு பக்கம். சொல்லைக் கேட்டு, நடந்ததே நம் மனத்தில் மாறிப்போவது மறுபக்கம்.

இந்த மறுபக்கத்தை 1974-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு அப்பட்டமாகக் காட்டியது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் 45 மாணவர்களுக்கு ஏழு சாலை விபத்துப் படத்துணுக்குகளைப் போட்டுக் காட்டினார்கள். பிறகு முக்கியமான கேள்வி ஒன்றுதான்: கார்கள் மோதியபோது என்ன வேகத்தில் போய்க்கொண்டிருந்தன? ‘மோதியபோது’ என்ற இடத்தில் மட்டும் குழுவுக்குக் குழு வேறு வினைச்சொல். ஸ்மாஷ் என்று கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்கு 40 மைலுக்குச் சற்று மேலே சொன்னார்கள். கொலைட்டுக்கு 39.3, பம்புக்கு 38.1, ஹிட்டுக்கு 34, வெறும் தொடுதலைச் சொல்லும் கான்டாக்ட்டுக்கு 31.8. இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. நான்கு துணுக்குகளில் கார்களின் உண்மை வேகம் ஆய்வாளர்களுக்குத் தெரியும். 20 மைலில் நடந்த மோதலுக்கு மாணவர்கள் தந்த சராசரி 37.7; 40 மைலில் நடந்த ஒன்றுக்கோ 36.1. காரின் வேகம் இரட்டித்தும் அசையாத மதிப்பீடு, கேள்வியில் ஒரு சொல்லை மாற்றியதும் அசைந்துவிட்டது.

‘வேகம் தெரியாதவன் கேள்வியிலேயே துப்புத் தேடுவான், அதனால் நினைவு மாறிவிட்டது என்று ஆகுமா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்காகவே அவர்கள் இரண்டாவது சோதனை செய்தார்கள். இம்முறை 150 மாணவர்கள், ஒரே ஒரு விபத்துப் படம். ஐம்பது பேரிடம் ஸ்மாஷ் போட்டு வேகத்தைக் கேட்டார்கள். ஐம்பது பேரிடம் ஹிட். மீதி ஐம்பது பேரிடம் வேகத்தைப் பற்றிய பேச்சே இல்லை. ஒரு வாரம் கழித்து, படத்தை மறுபடி காட்டாமல், உடைந்த கண்ணாடி ஏதாவது பார்த்தீர்களா என்று விசாரித்தார்கள். அந்தப் படத்தில் கண்ணாடி எதுவும் உடையவே இல்லை. ஆனாலும் ஸ்மாஷ் கூட்டத்தில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். ஹிட் கூட்டத்தில் 7 பேர். எதுவும் கேட்கப்படாதவர்களில் 6 பேர். ஸ்மாஷ் கேட்டவர்களிலும் பெரும்பான்மையோர் இல்லை என்றே சொன்னார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. என் கண்ணில் படுவது கடைசி இரண்டு எண்கள்தான். ஹிட் கேட்டவர்களும் ஒன்றுமே கேட்காதவர்களும் ஏறக்குறைய ஒரே நிலையில் நிற்கிறார்கள். ஹிட் எதையும் கூட்டவில்லை, ஸ்மாஷ் கூட்டிவிட்டது.

ஏன் கண்ணாடி? விடை ஆங்கில இலக்கணத்திலேயே கிடைக்கிறது என்பது என் எண்ணம். மொழியியலாளர் சார்ல்ஸ் ஃபில்மோர் 1970-ல் அடித்தல், உடைத்தல் வினைகளைப் பற்றி மட்டுமே ஒரு கட்டுரை எழுதினார். ஹிட் வகைச் சொற்கள் ஒன்று இன்னொன்றின் மேல் பட்டதைச் சொல்கின்றன. பட்ட பொருளுக்கு என்ன ஆயிற்று என்று சொல்வதில்லை. பிரேக் வகைச் சொற்கள் பொருளின் நிலை மாறிவிட்டதைச் சொல்கின்றன. தமிழிலும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். ‘காலில் அடித்தான்’ என்போம், ‘காலை உடைத்தான்’ என்போம். ‘காலில் உடைத்தான்’ என்றால் வாக்கியம் நொண்டுகிறது. ‘சுவரை அடித்தேன், ஆனால் ஒன்றும் ஆகவில்லை’ என்று சொல்லலாம். ‘ஜாடியை உடைத்தேன், ஒன்றும் ஆகவில்லை’ என்றால் கேட்பவர் சிரிப்பார். பெத் லெவின் 1993-ல் ஆங்கில வினைகளை வகுத்து எழுதிய நூலில் ஸ்மாஷ் இரண்டு வகையிலும் இடம்பெறுகிறது. அது மோதலையும் சொல்லும், நொறுங்கலையும் சொல்லும். கார்கள் ஸ்மாஷ் ஆயின என்று கேட்டவர் காதில் மோதலோடு ஏதோ உடைந்ததும் சேர்ந்தே விழுகிறது. காரில் சட்டென்று உடையக்கூடியது எது?

சொல் நினைவை மாற்றிவிடும் என்பதற்கு எதிரான வலுவான சான்று கனடாவிலிருந்து வந்தது. வான்கூவரை ஒட்டிய பர்னபியில் ஒரு துப்பாக்கிக் கடையில் கொள்ளை. கடைக்காரர் காயமடைந்தார், கொள்ளையன் சுடப்பட்டு இறந்தான். அதை நேரில் கண்ட 13 பேரை நான்கைந்து மாதம் கழித்து ஜான் யூலும் ஜூடித் கட்ஷாலும் விசாரித்தார்கள். 1986-ல் வெளியான அந்த ஆய்வில், வேண்டுமென்றே திசைதிருப்பும் சொற்களைப் போட்டுக் கேட்டும் சாட்சிகள் மசியவில்லை. ஆகவே லாஃப்டஸின் மாணவர்களை வைத்து எல்லாச் சாட்சியையும் சந்தேகிப்பது அதிகப்படி. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பர்னபி சாட்சிகள் கண்ணெதிரே ரத்தத்தைப் பார்த்தவர்கள். காலையில் செய்தித்தாள் படிப்பவரும், இன்சூரன்ஸ் அலுவலகத்தில் கோப்பைப் புரட்டுபவரும், தீர்ப்பு எழுதுபவரும் எதையும் பார்க்காதவர்கள். அவர்களுக்குக் கிடைப்பது சொல் மட்டுமே.

ஆங்கிலப் பத்திரிகைக்காரர்களுக்கு இது புதிய செய்தி இல்லை. இரண்டு பொருளும் நகர்ந்துகொண்டிருந்தால்தான் கொலைட் என்று எழுத வேண்டும் என்பது அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் நடைக் கையேட்டில் நெடுங்காலம் இருந்த விதி. அதைப் பின்னர் கைவிட்டார்கள். என்றாலும் அந்தச் சொல்லில் ‘இரு தரப்பும் வந்து மோதிக்கொண்டன’ என்ற வாடை போகவில்லை. நின்றுகொண்டிருந்த சைக்கிள்காரர் மேல் லாரி ஏறியதை எழுத அது பொருந்தாது. கவனக்குறைவு பேசப்படும் இடத்தில் ஆக்சிடென்ட் வேண்டாம், கிராஷ் என்று எழுதுங்கள் என 2016-ல் அதே கையேடு அறிவுறுத்தியது. பிரிட்டனின் மருத்துவ இதழான பிஎம்ஜே 2001-லேயே ஆக்சிடென்ட் என்ற சொல்லைத் தள்ளிவைத்தது. ‘இது சொல் விளையாட்டு’ என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. ஒரே ஒரு சொல் மாறியதும் இல்லாத கண்ணாடியைப் பார்த்தவர்கள் ஏழு பேரிலிருந்து பதினாறு பேராகிவிட்டார்கள் என்றால், அதை விளையாட்டு என்று ஒதுக்க முடியாது.

ஹிட் என்ற சொல் பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அங்கே அதற்குச் சந்தித்தல், கண்டடைதல் என்று பொருள். குறியைத் தொட்டது என்பதற்கு மேல் அது இன்றும் அதிகம் சொல்வதில்லை. ஆகவே விபத்து பற்றி ஆங்கிலத்தில் ஒரு புகாரோ இழப்பீட்டுப் படிவமோ எழுத நேர்ந்தால் ஹிட் என்று எழுதுங்கள். எது உடைந்தது, எங்கே நசுங்கியது, யாருக்கு என்ன காயம் என்பதைத் தனித்தனி வாக்கியமாகக் கீழே சேருங்கள்.