வெள்ளைத் துணியில் படியாதது

2008 ஆகஸ்டில் ஃபோக்ஸ்வாகன் ஜெட்டா டி.டி.ஐ. அமெரிக்க ஷோரூம்களுக்கு வந்தபோது, அங்கிருந்த டீசல் பிரியர்கள் பெரிய பட்டினியில் இருந்தார்கள். 2007, 2008 மாடல் ஆண்டுகளில் அந்த வண்டியே விற்பனையில் இல்லை. புகை விதிகள் கடுமையாக இருந்த கலிபோர்னியாவில் புது டீசல் கார் வாங்க முடியாமல் போய்ச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. 2006இல் கந்தகம் மிகக் குறைந்த டீசல் பங்க்குகளுக்கு வந்ததும், 'இனி சுத்தமான டீசல் வரும்' என்று காத்திருக்கத் தொடங்கினார்கள். வந்தது. ஐம்பது மாநிலங்களிலும் விற்கலாம் என்ற சான்றோடு வந்தது.

விலை ஏறக்குறைய 22,000 டாலர். 2.0 லிட்டர் எஞ்சின், 140 குதிரைத்திறன், 320 நியூட்டன் மீட்டர் டார்க். நெடுஞ்சாலையில் லிட்டருக்குப் பதினேழு கிலோமீட்டருக்கு மேல் போகும் என்பது அரசின் கணக்கு. அதையும் தாண்டித் தருகிறது என்று ஓட்டியவர்கள் பெருமைப்பட்டார்கள். மத்திய அரசு 1,300 டாலர் வரிச்சலுகை கொடுத்தது. அந்த நவம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் வாகனக் கண்காட்சியில் 'ஆண்டின் பசுமைக் கார்' விருதும் கிடைத்தது. ஏழு ஆண்டு கழித்து அந்த விருது திரும்பிப் போனது.

இதை வாங்கியவர்கள் விவரம் தெரியாதவர்கள் இல்லை. டார்க் வளைவைப் படிக்கத் தெரிந்தவர்கள், எஞ்சின் சத்தத்தை வைத்தே வால்வு நேரம் பேசுகிறவர்கள். அவர்களே ஏமாந்தார்கள் என்றால் சராசரி வாடிக்கையாளர் எம்மாத்திரம்? நம்மைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். பிக்-அப், மைலேஜ், சத்தம், அதிர்வு எல்லாம் ஓட்டுபவரின் உடம்புக்குத் தெரியும். 'சுத்தம்' என்ற வாக்குறுதி மட்டும் எந்தப் புலனுக்கும் எட்டாது.

2015இல் அந்த நிறுவனமே வெளியிட்ட விளம்பரம் ஒன்று உண்டு. 'டீசல் என்றால் அழுக்கு' என்று சொல்லும் தோழிக்கு எதிரே, வயதான பெண்மணி ஒருவர் தன் வெள்ளை ஸ்கார்ஃபைச் சைலன்சர் வாயில் பிடித்துக் காட்டுவார். துணியில் கறை இருக்காது. அதில் பொய் எதுவும் கிடையாது. கரித்துகளைத் தடுக்கும் வடிகட்டி உள்ளே வேலை செய்துகொண்டுதான் இருந்தது. ஆனால் கேள்வியே கரியைப் பற்றியது இல்லை. நைட்ரஜன் ஆக்ஸைடு துணியில் படியாது. குழாய் வாயில் கண்ணுக்கும் தெரியாது. வெயிலில் மற்ற வாயுக்களோடு சேர்ந்து ஓசோனாக, நுண்துகளாக மாறி, மூச்சுத்திணறல் உள்ளவர்களையும் குழந்தைகளையும் தாக்கும். வண்டி உங்களுடையது, நுரையீரல் தெருவில் நிற்பவருடையது.

நைட்ரஜன் ஆக்ஸைடுக்கு அமெரிக்க வரம்பு மைலுக்கு 0.07 கிராம். ஜெட்டாவில் இதை அடைய, நைட்ரஜன் ஆக்ஸைடைப் பிடித்து வைக்கும் ஒரு பொறி இருந்தது. அது நிரம்பும்போதெல்லாம் எஞ்சின் கொஞ்ச நேரம் அதிக டீசல் ஊற்றி அதைக் காலி செய்ய வேண்டும். அப்படிச் செய்தால் மைலேஜ் குறையும், கரி வடிகட்டியும் சீக்கிரம் தேய்ந்து போகும். பொறியாளர்கள் குறுக்கு வழி கண்டார்கள். ஸ்டீயரிங் திரும்பாமலேயே சக்கரம் சுழல்கிறதா, வேகம் எப்படி ஏறி இறங்குகிறது, எவ்வளவு நேரம் ஓடுகிறது, காற்றழுத்தம் என்ன என்பதையெல்லாம் மென்பொருள் கவனிக்கும். ஆய்வகத்தின் உருளைமேல் நிற்கிறோம் என்று புரிந்தால் முறையாக நடந்துகொள்ளும். சாலைக்கு வந்ததும் மறந்துவிடும். இன்ஸ்பெக்டர் வரும் நாளில் மட்டும் எடைக்கல்லை மாற்றி வைக்கும் கடைக்காரரின் வித்தைதான். ரசிகர்கள் ரசித்த மைலேஜில் ஒரு பங்கு இந்த மறதியிலிருந்து வந்தது என்பதுதான் இதில் கசப்பான பகுதி.

யார் பிடித்தார்கள்? முதலில் பிடித்தது அரசு இல்லை. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் சிறு ஆய்வுக் குழு. டான் கார்டர் தலைமையிலான அந்தக் குழுவில் இந்தியாவிலிருந்து போன அரவிந்த் திருவேங்கடமும் ஹேமந்த் கப்பண்ணாவும் இருந்தார்கள். ஐரோப்பாவை விட அமெரிக்காவில் டீசல் கார்கள் சுத்தமாக ஓடுகின்றன என்று நிரூபித்துக் காட்டத்தான் 2013இல் கிளம்பினார்கள். அளவிடும் கருவியை டிக்கியில் ஏற்றி, சாலையிலேயே ஓட்டிப் பார்த்தார்கள். ஜெட்டா வரம்பைப் போல 15 முதல் 35 மடங்கு வரை கக்கியது. அதே நிறுவனத்தின் பஸ்ஸாட் 5 முதல் 20 மடங்கு. கூடவே சோதித்த பி.எம்.டபிள்யூ. எக்ஸ்-5 பெரும்பாலும் வரம்புக்குள் நின்றது. அதாவது விதி நிறைவேற்ற முடியாத விதி இல்லை. இதே ஜெட்டாவும் பஸ்ஸாட்டும் கலிபோர்னியா ஆய்வகத்தில் தேறின.

அறிக்கை 2014 மேயில் வந்தது. நிறுவனம் ஓராண்டுக்கும் மேலாகச் சாக்குச் சொன்னது. 2014 டிசம்பரில் ஒரு திரும்ப அழைப்பு நடத்தி, மென்பொருளைச் சரிசெய்ததாகக் கணக்குக் காட்டியது. மறுபடி அளந்தால் பெரிய மாற்றம் இல்லை. '2016 மாடலுக்குச் சான்று தரமாட்டோம்' என்று அதிகாரிகள் கையை மடக்கிய பிறகுதான் உண்மை வாயிலிருந்து வந்தது. 2015 செப்டம்பர் 18 அன்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை விதிமீறல் நோட்டீஸ் கொடுத்தது. அமெரிக்காவில் மட்டும் ஏறக்குறைய 4,82,000 வண்டிகள், உலகம் முழுக்க 1.1 கோடி.

இனி பரிகாரம். ஒரே குற்றம், ஆனால் எந்த நாட்டில் சாவி வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்து இழப்பீடு மாறியது.

அமெரிக்காவில் உரிமையாளர்கள் சார்பான கூட்டு வழக்கும், விளம்பரம் பொய் என்று மத்திய வர்த்தக ஆணையம் போட்ட வழக்கும், சுற்றுச்சூழல் வழக்கும் சான் பிரான்சிஸ்கோவில் நீதிபதி சார்லஸ் பிரேயர் முன் ஒன்றாக வந்தன. 2016 அக்டோபரில் அவர் ஒப்புதல் தந்த உடன்பாட்டின் மொத்த மதிப்பு 1,470 கோடி டாலர். அதில் 1,000 கோடிக்கு மேல் உரிமையாளர்களுக்கு. செய்தி வெளியாகும் முன் வண்டிக்கு இருந்த மதிப்பைக் கொடுத்து நிறுவனம் திரும்ப எடுத்துக்கொள்ளும். அதற்கு மேல் குறைந்தது 5,100 டாலர் இழப்பீடு. வண்டியை வைத்துக்கொள்ள விரும்பினால், அங்கீகரித்த திருத்தம் வரும்வரை காத்திருந்து அதோடு இழப்பீட்டையும் பெறலாம். பெரும்பாலோர் திருப்பிக் கொடுத்தார்கள். மிச்சிகனில் கைவிடப்பட்ட சில்வர்டோம் மைதானத்திலும் கலிபோர்னியாப் பாலைவன விமானத்தளத்திலும் அந்தக் கார்கள் வரிசைகட்டி நின்ற படங்கள் பிரபலம்.

ஒரு கிளைக்கதை. திரும்ப வாங்க ஒரே நிபந்தனை, வண்டி தானாக ஓடி வர வேண்டும் என்பது. சிலர் கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றிவிட்டு எஞ்சினோடு எலும்புக்கூட்டை ஓட்டி வந்தார்கள். நீதிபதி அதைக் கண்டித்தார். ஏமாற்றப்பட்டவர் பக்கம் நிற்கும் சட்டம், அவரும் ஏமாற்றத் தொடங்கினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

உடன்பாட்டுக்கு முன்பே, 2015 நவம்பரில், நிறுவனம் 'நல்லெண்ணமாக' மொத்தம் ஆயிரம் டாலர் மதிப்புள்ள இரண்டு அட்டைகளை உரிமையாளர்களுக்குத் தந்தது. வாங்கினால் வழக்குப் போடும் உரிமை போய்விடுமா என்று பலர் பயந்தார்கள். போகாது என்று நிறுவனம் விளக்க வேண்டியிருந்தது. எந்த நாட்டிலும் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். இலவச சர்வீஸ், தள்ளுபடிக் கூப்பன் எதுவானாலும், 'முழு இறுதித் தீர்வாக' என்ற சொற்கள் அந்தத் தாளில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஜெர்மனியில் பாதை நீண்டது. நுகர்வோர் கூட்டமைப்பின் கூட்டு வழக்கு 2020இல்தான் சமரசமானது: 83 கோடி யூரோ, ஆளுக்குச் சுமார் 1,350 முதல் 6,257 யூரோ வரை. தனியாக வழக்காடியவர்களுக்கு அந்த மே மாதம் உச்ச நீதிமன்றம் பணம் திரும்பக் கிடைக்கும் என்றது. ஆனால் ஓட்டிய ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கழித்துக்கொண்டுதான். வழக்கு இழுத்த ஆண்டுகளில் இரண்டரை லட்சம் கிலோமீட்டர் தாண்டியவருக்குக் கழிக்கப்போய் மிச்சம் எதுவும் இல்லை. மோசடிச் செய்தி வெளியான பிறகு பழைய வண்டியாக வாங்கியவருக்கும் இல்லை. தாமதத்துக்கு விலை உண்டு. அதைக் கட்டுவது நிறுவனம் இல்லை.

நமக்கும் இதில் நேரடிப் பங்கு இருக்கிறது. 2015 டிசம்பரில் இந்தியாவில் 3,23,700 வண்டிகளைத் திரும்ப அழைப்பதாக அந்தக் குழுமம் அறிவித்தது: ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா, ஆடி மூன்றும் சேர்த்து, 2008 முதல் 2015 வரை விற்ற டீசல்கள். புனேயின் வாகன ஆராய்ச்சி நிறுவனம் சாலையில் சோதித்தபோது வரம்பைப் போலப் பல மடங்கு வந்தது. அன்றைய நம் பி.எஸ்.-4 வரம்பு கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராம், அமெரிக்க வரம்பைவிட ஐந்தாறு மடங்கு தளர்வு. அந்த அகலமான வாசலிலும் இடித்துக்கொண்டது! சாலையில் அளக்கும் விதியே இங்கே இல்லை, ஆய்வக விதியை மீறவில்லை என்பது நிறுவனத்தின் வாதம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மார்ச்சில் 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. இரண்டே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை கொடுத்தது. அபராதமும் சுற்றுச்சூழலுக்கான தொகைதான், உரிமையாளர்களுக்கானது இல்லை. அவர்களுக்குக் கிடைத்தது மென்பொருள் மாற்றம் மட்டும்.

சட்டம் அதன்பிறகு கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் 110ஏ பிரிவு சேர்ந்தது. ஒரு வகை வண்டியின் குறைபாடு சுற்றுச்சூழலுக்கோ மனிதருக்கோ கேடு தரும் என்றால் மத்திய அரசே திரும்ப அழைக்க உத்தரவிடலாம். நிறுவனம் முழு விலையைத் தர வேண்டும், அல்லது வேறு வண்டி, அல்லது பழுது நீக்கம். 182ஏ பிரிவின்கீழ் அபராதம் 100 கோடி வரை போகலாம். 2023 ஏப்ரல் முதல் பி.எஸ்.-6 இரண்டாம் கட்டத்தில் சாலைச் சோதனையும் கட்டாயம். எழுத்தில் இருப்பது உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கு வருமா என்பது புகார் கொடுப்பவர்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஒருவர் இருவர் கேட்டால் நிறுவனம் வழக்கறிஞரை அனுப்பும். ஊரே கேட்டால்தான் கணக்குப் பார்க்கும்.

கூட்டாகக் கேட்க வழி இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 35ஆம் பிரிவில், ஒரே நலன் கொண்ட பலருக்காக ஒருவரோ சிலரோ ஆணையத்தின் அனுமதியோடு வழக்குத் தொடுக்கலாம். செலுத்திய விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையமே போதும். குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. கெடு இரண்டு ஆண்டு. பொய்யான விளம்பரத்துக்குத் தனி வழி: மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தயாரிப்பாளர் மீதும் அதில் நடித்த பிரபலத்தின் மீதும் முதல் முறை 10 லட்சம் வரை அபராதம் போடலாம். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 1915 என்ற உதவி எண்.

வழக்கில் நிற்பது ரசிகரின் அனுபவம் இல்லை, தாள்தான். ஷோரூம் சிற்றேடு, விற்பனையாளர் வாட்ஸ்அப்பில் எழுதிய 'சார், இது சுத்தமான எஞ்சின்' என்ற வரி, புக்கிங் ரசீது, ஒவ்வொரு சர்வீஸ் ஜாப்-கார்டு எல்லாவற்றையும் வைத்திருங்கள். திரும்ப அழைப்பில் மென்பொருள் மாற்றினால், மாற்றுவதற்கு முன்பும் பின்பும் ஒரே பாதையில் மைலேஜ் எடுத்துத் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். இழுவை குறைந்தது என்று பிறகு வாயால் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள்.

ரசிகர்களுக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். டார்க் கூட்ட ரீமேப் செய்வது, கரி வடிகட்டியைப் பிடுங்கி எறிவது எல்லாம் ஃபோக்ஸ்வாகன் செய்ததன் சில்லறைப் பதிப்பு. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளர் மீது 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். வாரண்டி போகும், நாளை வழக்கு வந்தால் 'மென்பொருளைத் தொட்டது நீங்கள்தானே' என்ற கேள்விக்குப் பதிலும் இருக்காது.

புகைச் சான்றிதழையும் நம்பி உட்கார வேண்டாம். டீசல் வண்டிக்கு அந்த மையத்தில் பார்ப்பது புகையின் அடர்த்தி மட்டுமே. நைட்ரஜன் ஆக்ஸைடு அங்கே அளக்கப்படுவதில்லை. அந்த 3,23,700இல் ஒன்றைப் பழைய வண்டிச் சந்தையில் பார்த்துப் பேரம் பேசுகிறீர்கள் என்றால், ஷாசி எண்ணோடு அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குப் போய், திரும்ப அழைப்பு வேலை முடிந்ததா என்று எழுத்தில் கேளுங்கள். முடியவில்லை என்றால் முதலில் விற்பவர் அதை முடித்துத் தரட்டும், அட்வான்ஸ் அதற்கப்புறம்.